தவ்பாவுக்குத் துணை தேடுவது இழிவன்று



மது ஹராம் என்பதை அறியாதவர் நம் மஹல்லாக்களில் எவருமிலர். குடிப்பவரும் அதை அறிவார். அறிந்திருப்பதனால்தான் ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எவர் முகத்தையும் பாராமல் வெளியேறுகிறார். குடியை விட விரும்பும் ஒருவன் யாரிடம் போவது என்பதே அவருக்குத் தெரியாதது. பயான்களில் இதற்கு விடை கிடைப்பது அரிதாகையால், அதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட அப்துல்லாஹ் என்னும் ஸஹாபியைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. மீண்டும் ஒருநாள் அவர் கொண்டுவரப்பட்டபோது ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனை நிறைவேறியது, ஆனால் அவர் கைவிடப்படவில்லை.

நூறு உயிர்களைக் கொன்றவரின் வரலாற்றையும் நாம் அறிவோம். தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அந்த அறிஞர் அவரை அனுப்பிவிடவில்லை. இருக்கும் ஊரை விட்டு, அல்லாஹ்வை வணங்கும் நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறு வழிகாட்டினார். மனம் திருந்தியவனுக்கும் சூழலும் துணையும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

அத்தகைய துணைகளுள் ஒன்றுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டமைப்பு. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நலிந்த பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் அது தோன்றியது. இன்று தமிழகத்திலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அமர்ந்து, குடியிலிருந்து மீண்டவர்கள் தம் அனுபவத்தைக் கூறுவதைக் கேட்கலாம். முதல் நாளில் வாய் திறக்கவேண்டிய கட்டாயமில்லை. அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது அவர்களின் நெறி.

இதற்கு நம்மவர் எழுப்பும் தடைகள் இரண்டு. முதலாவது, அல்லாஹ் மறைத்த பாவத்தைப் பிறரிடம் சொல்லலாமா என்பது. பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதுதான் கண்டிக்கப்பட்டது. அதிலிருந்து விடுபட வழிகாட்டுவார் என நம்பித் தம் ஆசிரியர் போன்ற ஒருவரிடம் கூறுவதில் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) தமது ‘அல்அத்கார்’ நூலில் விளக்கியுள்ளார்கள். மீளும் வழி தேடி இத்தகைய கூட்டத்தில் பேசுவதும் அதைப் போன்றதே என்பது நம் கருத்து.

இரண்டாவது, அக்கூட்டங்கள் சில ஊர்களில் தேவாலய வளாகங்களில் நடப்பதும், பிரார்த்தனையோடு முடிவதும். அவர்கள் இறைவனை அவரவர் நம்பிக்கைப்படி ஏற்க விடுகிறார்கள். முஸ்லிமுக்கு அவன் அல்லாஹ்தான். பிரார்த்தனை வேளையில் மௌனமாக நம் துஆவைக் கேட்பதை யாரும் தடுப்பதில்லை. பால்டிமோர் நகர முஸ்லிம்கள் 1989இல் ‘மில்லத்தி இஸ்லாமி’ என்னும் அமைப்பைத் தொடங்கி, அந்தப் பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் அப்படியொன்று அமையும்வரை, மூழ்குபவன் கயிற்றை நீட்டுபவரின் மார்க்கத்தை விசாரித்துக்கொண்டிருக்க இயலாது.

ஓர் எச்சரிக்கை அவசியம். ரமலான் பிறை கண்டதும் ஒரேயடியாக நிறுத்திவிடச் சிலர் துணிகிறார்கள். எண்ணம் உயர்ந்தது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். முதலில் மருத்துவரைக் காணவேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சையோடு அருகிலுள்ள கூட்டங்களைப் பற்றியும் விசாரிக்கலாம். மத்திய அரசின் 14446 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். குடிப்பவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் ‘அல்அனான்’ என்னும் தனிக் கூட்டமைப்பு 1951 முதல் இருக்கிறது. “அவருக்கு வயிற்றுவலி” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி மறைத்துக் களைத்த சகோதரிகளுக்கு அது ஆறுதல் தரும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இது: குடிப்பவரின் பெயரைக் கூட்டத்தில் சொல்லிக் குனியவைக்காதீர்கள். அவர் வீட்டு நிக்காஹுக்குப் பதிவேட்டைத் தர மறுப்பதால் ஒரு துளி மதுவும் குறைந்துவிடாது. அந்த மருத்துவமனையின், அந்தக் கூட்டத்தின் முகவரியை இமாமிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். முதல் நாள் ஒருவர் அவரோடு வாசல்வரை சென்று வாருங்கள். சென்றதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்டதுதானே!

மீள விரும்பும் சகோதரரே, அந்த வாசலில் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி நுழையுங்கள். தவறி விழுந்தால் மறுவாரமும் செல்லுங்கள். தவ்பாவை ஏற்பவன் சலிப்படைவதில்லை. அல்லாஹ் உங்களுக்கும் நம் அனைவருக்கும் உறுதியைத் தந்தருள்வானாக. ஆமீன்.