சேற்றைப் பாழென்பார் செவி சாய்க்கட்டும்!

முகவைக் கடற்கரையில், தொண்டியினின்று தேவிபட்டினம் வழியாய் வைகை கடல்சேரும் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இராமேசுவரத் தீவின் ஓரங்களுக்கும் நடந்து செல்வான் ஒருவன், மணல்மேட்டை அடுத்துக் கழிதோறும் காண்பது சேறு. கரிய சேறு, கால்வைத்தால் முழங்கால்வரை உள்வாங்கும் சேறு, கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழுப்பும் சேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு அதனைக் கடந்து செல்லும் ஆட்சியாளர் அதற்கு இட்ட பெயர் பாழ்நிலம் என்பது. இந்திய அரசின் நிலவளத்துறை வெளியிட்டுவரும் பாழ்நில வரைபட நூலில், 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு உட்பட, நீர் தேங்கிய சதுப்பும் உவரேறிய நிலமும் பாழ்நில வகைகளாகவே வைத்து எண்ணப்பட்டுள்ளன.

தமிழரின் முன்னோர் அந்நிலத்திற்கு இட்ட பெயர் நெய்தல். நானிலம் வகுத்த தொல்காப்பியர், அந்நான்கனுள் ஒன்றாக அதனை வைத்தார். கழி, கானல், அளம், உவர், கண்டல், தாழை என்று அந்நிலத்தின் கூறு ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பெயர் தமிழில் உண்டு. பாழ் என்றொரு நிலத்தை அவர் வகுத்தாரல்லர். பெயர் தெரிந்தவன் நிலத்தைத் தெரிந்தவன். பெயர் தெரியாதவன் வந்து பாழ் என்று எழுதினான். எழுதியபின் அதனைப் பாழாக்கவும் துணிந்தான்.

பாழ் எனப்பட்ட அச்சேறு இரவும் பகலும் ஒரு பெருந்தொழில் நடத்திக்கொண்டிருக்கின்றது. அத்தொழிலாளர் கூலி கேட்பதில்லை, கொடி பிடிப்பதில்லை, கண்ணுக்கும் புலனாவதில்லை. அவர்தாம் நுண்ணுயிரிகள். அத்தொழில் யாது, அதனைக் குலைப்போர் யாவர், குலைந்தால் வருவது என்ன என்பவற்றை முகவையின் உழவரும் பரதவரும் தம் தாய்மொழியிலேயே தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

சேற்றின் தொழில்

காற்றில் 78 விழுக்காடு, நைட்ரசன் என்று மேலையர் வழங்கும் வளியாகும். பயிர் தழைத்தற்கு வேண்டிய ஊட்டத்தின் முதற்பொருள் அது. உழவர் தழைச்சத்து என்பது அவ்வூட்டத்தையே. ஆகலின் அவ்வளி ஈண்டுத் தழைவளி எனப்படும். கடல்நடுவே நின்றும் குடிக்க நீரற்றவனைப்போல், அத்துணைத் தழைவளிக்கு இடையே நின்றும் பயிர் அதனை நேரே உண்ண இயலாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாய் இறுகப் பிணைந்து நிற்பன. அப்பிணைப்பை அறுத்து உரமாக்கும் வழியைச் செருமானிய அறிஞர் ஆபர் 1909-இல் செய்து காட்டினார். 1913-இல் ஓப்பாவு என்னும் ஊரில் அதற்கெனப் பெருந்தொழிற்சாலை எழுந்தது. காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும், 400 பாகைக்கு மேற்பட்ட வெம்மையும் அதற்கு வேண்டியிருந்தன. முகவைக் கடலடியில் கடற்புல்லின் வேரருகே வாழும் நுண்ணுயிரியோ, ஆலையும் அனலும் இன்றி, சேற்றின் இயல்பான வெம்மையிலேயே அப்பிணைப்பை அறுத்து, அமோனியா என்னும் நெடிவளியாக்கிப் புல்லுக்கு ஊட்டுகின்றது. நெல்வயலின் தேங்குநீரில் நீலப்பச்சைப் பாசி அதே தொழிலைச் செய்வதை வங்க அறிஞர் பி. கே. தே 1939-இல் எடுத்துக்காட்டினார்.

இஃது ஊட்டம் உள்ளே வரும் வழி. வெளியே செல்லும் வழி அதனினும் வியப்புடையது. சேறு அடுக்கடுக்காய் அமைந்தது. மேலே நெல்லின் உமியளவு பருமனுக்கே உயிர்வளி இறங்கும். அதற்குக் கீழே உயிர்வளி இல்லை. மேலடுக்கில் வாழும் நுண்ணுயிரிகள் நெடிவளியை உயிர்வளியோடு கூட்டி, வெடியுப்பின் இனத்ததாகிய உப்பாக மாற்றுகின்றன. அம்மாற்றத்தினின்றே அவை தம் பிழைப்புக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகின்றன என்பதை 1890-ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராதுசுக்கி நிறுவினார். அவ்வுப்பு கீழடுக்கிற்கு ஊறி இறங்குகின்றது. அங்கே உயிர்வளியின்றி வாழும் வேறோர் இனம், அவ்வுப்பில் அடங்கிய உயிர்வளியைக் கொண்டு மூச்சுவிட்டு, எஞ்சிய தழைவளியைக் காற்றிற்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது. ஒன்றன் கழிவு மற்றொன்றன் மூச்சு.

ஆக, நிலத்தினின்று கடலுக்குச் செல்லும் ஊட்டம் அளவிறந்து போகாவாறு வாயிலில் நின்று காப்பது இச்சேறே. அக்காவலுக்குத் துணை பலர். கண்டல் மரத்தின் மூச்சுவேரும், கடற்புல்லின் வேரும், நெல்லின் வேரும் மேலிருந்து உயிர்வளியைக் கொணர்ந்து சேற்றினுள் கசியவிடுகின்றன. நண்டு தோண்டும் வளைவழியே உயிர்வளி ஆழத்திற்குச் செல்கின்றது. வேர்தோறும் வளைதோறும் உயிர்வளி உள்ள இடமும் அற்ற இடமும் பக்கம் பக்கமாய் அமைவதால் தொழில் பன்மடங்காகின்றது. காரங்காட்டுக் கண்டற்காட்டில் வளைதோண்டும் நண்டு, அச்சேற்றுக்கு மூச்சுக்குழல் அமைக்கும் கொல்லன் என்க.

கண்மாய் வயலில் கரையும் காசு

கடலோரச் சேற்றில் நடப்பதே கண்மாய்ப் பாய்ச்சல் வயலிலும் நடக்கின்றது. திருவாடானையிலும் இராசசிங்கமங்கலத்திலும் உழவர் புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பர். மண் காய்ந்து கிடக்கும் நாளில் நுண்ணுயிரிகள் தழையூட்டத்தை வெடியுப்பாக்கிச் சேர்த்துவைக்கின்றன. ஐப்பசி மழை பெய்து வயல் நிரம்பியவுடன் உயிர்வளி அற்றுப்போகின்றது. சேர்த்த உப்பு வளியாகிப் பறந்துவிடுகின்றது. தேங்கிய நீரின்மேல் யூரியாவை வாரி இறைப்பவரின் நிலையும் அதுவே. 45 கிலோ மூட்டை யூரியாவில் உள்ள தழைவளி 20.7 கிலோ. நீர் தேங்கிய வயலில் நெற்பயிர் அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்களவே எடுத்துக்கொள்கின்றது. அஃதாவது ஏறத்தாழ 7 கிலோ. மற்றதில் பெரும்பகுதி நெடிவளியாகவும் தழைவளியாகவும் பறந்தும், நீரோடு ஓடியும் வீணாகின்றது. அவ்வாறு பறப்பதில் ஒரு சிறு பங்கு நகைவளியாகி, எடைக்கு எடை கரியமிலவளியைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு நிலவுலகைச் சூடேற்றுகின்றது. உழவன் கடன்பட்டு வாங்கிய மூட்டை வானத்துக்கு உரமாகின்றது!

முகவையின் கீதாரிகள் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தியதும், உழவர் கொழிஞ்சியை மடக்கி உழுததும், கோடையில் கண்மாய் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பியதும் ஊட்டத்தைச் சிறுகச் சிறுக விடுக்கும் முறைகள். வேம்பின் பிண்ணாக்கை உரத்தோடு கலப்பது, நெடிவளியை வெடியுப்பாக்கும் நுண்ணுயிரியின் விரைவைத் தணிக்கும். நாட்டு மக்கள் நெடுங்காலம் கையாண்ட அவ்வேம்பைத்தான், வேப்பெண்ணெய் பூசிய யூரியாவையே ஆக்குதல் வேண்டும் என்று 2015-இல் இந்திய அரசு ஆணையாக்கியது. பட்டிக்காட்டு வழக்கம் என்று இகழப்பட்டது, பன்னாட்டு ஆய்வுக்குப் பின் அரசாணையாய்த் திரும்பி வந்தது.

பண்ணையின் கணக்கு

இனி, பாழ்நிலத்திற்கு வளம் கொணர்ந்ததாகப் பறைசாற்றும் இறாற்பண்ணையாரின் கணக்கைக் காண்க. இறாலுக்கு இடும் தீனி 100 கிலோவில் புரதம் ஏறத்தாழ 35 கிலோ. புரதத்தில் 16 விழுக்காடு தழைவளி. ஆகவே 100 கிலோ தீனியில் தழைவளி 5.6 கிலோ. அதில் இறாலின் உடலாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 1.4 கிலோ. எஞ்சிய 4.2 கிலோ, உண்ணாத தீனியாகவும் கழிவாகவும் குளத்து நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகின்றது. அறுவடை நாளில் தூய்மை செய்யாது மடை திறந்தால் அது சென்று சேருமிடம் கழி.

கேட்டால், "கடல் பெரிது, கழியே எல்லாவற்றையும் கரைத்துவிடும்" என்பர். இங்கேதான் அவர்தம் வாதம் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கின்றது. பாழ், பயனற்றது என்று சொல்லி எந்தச் சேற்றை வளைத்துக் குளம் வெட்டினரோ, அந்தச் சேறே தம் கழிவைத் தூய்மை செய்யும் என்று நம்பி மடை திறக்கின்றனர். பயனற்றது எங்ஙனம் தூய்மை செய்யும்? தூய்மை செய்ய வல்லது எங்ஙனம் பயனற்றதாகும்? இரண்டிலொன்றை அவர் கைவிட்டே ஆகல் வேண்டும்.

சேறு செரிக்கும் என்பது மெய். அளவுக்கு மேல் ஊட்டினால் செரியாது என்பதும் மெய். கழிவு மிகுந்து அழுகும்போது மேலடுக்கின் உயிர்வளி தீர்ந்துபோகின்றது. கடல்நீரின் கந்தக உப்பைக்கொண்டு மூச்சுவிடும் நுண்ணுயிரிகள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளியை எழுப்புகின்றன. நெடிவளியை வெடியுப்பாக்கும் உயிரிகளுக்கு அது நஞ்சு. அவை ஓய்ந்தால் வெடியுப்பு பிறவாது. வெடியுப்பு பிறவாதாயின் கீழடுக்கில் அதனை வளியாக்கி வெளியேற்றுவோர்க்கும் தொழில் இல்லை. நெடிவளி முழுதும் நீரிற் கலக்கின்றது. மீனுக்கு அது நஞ்சு. மிதக்கும் பாசிக்கு விருந்து. கண்டலை வெட்டி, நண்டுவளையை மூடி, கழிவையும் ஊட்டினால், காவலனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்துவிட்டதற்கு ஒப்பாகும்.

இக்கேட்டினை உணர்ந்தே காந்தியத் தொண்டர் செகந்நாதன் 1994-இல் உச்சநயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 திசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது: மரபு முறைப் பண்ணைகள் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறாற்பண்ணை கூடாது, இருப்பவை 1997 மார்ச்சு 31-க்குள் அகற்றப்படல் வேண்டும், வேளாண் நிலமும் உப்பளமும் கண்டற்காடும் ஈரநிலமும் பண்ணையாக்கப்படல் ஆகாது. தெளிவான தீர்ப்பு. ஆயின் 2005-இல் பாராளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் என்றொரு வேலியைப் புதிய பண்ணைக்கு மட்டும் இட்டு, பழைய பண்ணைக்கு வழி திறந்துவிட்டது. 2023-இல் வந்த திருத்தம் அவ்வழியை மேலும் உறுதியாக்கிற்று. தீர்ப்பு தோற்றதா? தோற்றது சேறு!

கடல் பச்சையான நாள்

2019 செத்தெம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாக் கடல் பசும்பாகாய் மாறிற்று. இரவில் ஒளிரும் நுண்ணுயிரி ஒன்று கணக்கின்றிப் பெருகியதன் விளைவு அது. நீரின் உயிர்வளி வற்றியது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. தீவுகளைச் சூழ்ந்த பவளத்திலும் ஒரு பகுதி மாண்டது. 2008-லும் அவ்வளைகுடாவில் அத்தகைய பெருக்கம் நேர்ந்ததுண்டு. இதற்கு இன்னார் திறந்த மடைதான் கரணியம் என்று எவரும் அறுதியிட்டதில்லை. காற்றும் நீரோட்டமும் பருவமழையும் அதில் பங்குகொள்வன. ஆயின் ஊட்டம் மிகுந்த கடலில் அத்தகைய பெருக்கம் எளிது என்பதில் ஐயமில்லை. நெருப்பிட்டவன் யாரென்று தெரியவில்லை என்பதற்காகக் கூரையின்மேல் வைக்கோலை அடுக்கிக்கொண்டிருப்பது அறிவாகாது. 1986-இல் 21 தீவுகளைச் சூழ்ந்து கடற்பூங்கா அறிவித்த அரசு, அப்பூங்காவிற்குச் செல்லும் நீரைக் காக்கும் கழிச்சேற்றைப் பாழ்நிலப் பட்டியலில் வைத்திருப்பது, வீட்டைப் பூட்டிவிட்டுக் கொல்லைச்சுவரை இடிப்பதே.

அறிவு யாருடைய மொழியில்?

நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1949 முதல் 1971 வரை மண்டபத்திலேயே இருந்தது. கொச்சிக்குப் பெயர்ந்த பின்னும் அதன் கிளை அங்கே உள்ளது. முக்கால் நூற்றாண்டாக அக்கரையின் நீரும் சேறும் மீனும் அளக்கப்பட்டு வருகின்றன. அளந்தவை பெரும்பாலும் ஆங்கில ஏடுகளில் உறங்குகின்றன. எந்தக் கழியில் அளந்தனரோ அந்தக் கழியில் வலைவீசும் பரதவனுக்கு அவ்வேடு எட்டவில்லை. பண்ணை உரிமத்தின் கட்டுப்பாடுகளும் அவனுக்கு விளங்கும் மொழியில் ஊர்மன்றத்தில் படிக்கப்படுவதில்லை. அறியாதவன் கேள்வி கேளான். கேள்வி கேளாதவன் நிலத்தை இழப்பான்.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி, "அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது" என்பது. இயலாதென்றால், உயிர்வளி, நெடிவளி, வெடியுப்பு, தழைவளி என்னும் நான்கு சொற்களைக் கொண்டு சேற்றின் தொழில் முழுதும் மேலே விளக்கப்பட்டது எங்ஙனம்? குறை மொழியில் இல்லை. சொல்ல மனமில்லாதாரிடம் உள்ளது.

"இறால் ஏற்றுமதியால் நாட்டிற்கு வருவாய், ஊரார்க்கு வேலை" என்பது மற்றொரு மறுமொழி. வருவாய் உண்டு, மறுப்பாரில்லை. கழிவைத் தன் குளத்திலேயே தேக்கித் தெளிவித்துத் தூய்மை செய்து விடுக்கும் செலவை அவ்வருவாயினின்று கழித்த பின் எஞ்சுவதே மெய்யான ஊதியம். அச்செலவைச் சேற்றின் தலையிலும் பரதவன் வலையிலும் ஏற்றிவிட்டு ஈட்டுவது ஊதியமன்று, களவு.

ஆகலின் முகவை மக்கள் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியவை நான்கு. கழிச்சேறும் கண்டலும் சதுப்பும் பாழ்நிலப் பட்டியலினின்று நீக்கப்படல் வேண்டும். பண்ணை மடைதோறும் வெளியேறும் நீரின் நெடிவளி அளவு, திங்கள்தோறும் ஊராட்சி மன்றச் சுவரில் தமிழில் எழுதப்படல் வேண்டும். மண்டபத்தில் அளப்பவை மண்டபத்து மொழியிலும் வெளிவருதல் வேண்டும். யூரியாவை நீரின்மேல் இறைக்காது மண்ணுள் புதைக்கவும், கிடைக்கும் கொழிஞ்சிக்கும் வண்டலுக்கும் திரும்பவும் உழவர்க்கு வேளாண்துறை துணைநிற்றல் வேண்டும்.

நெய்தல் என்று பெயரிட்ட இனத்தின் வழிவந்தோர் அதனைப் பாழ் என்று பிறர் எழுதக் கண்டு வாளாவிருத்தல் தகாது. பெயரை மீட்பதே நிலத்தை மீட்பதன் முதற்படி. முகவைப் பரதவரே, உழவரே, எழுதியவன் கையில் உள்ள ஏட்டைத் திருத்தச் சொல்லுங்கள்; திருத்தும்வரை ஓயாதீர்கள்!