தூசியை உதறிவிட்டு வரத் தெரியணும்

நான் போகும் ஜெபக்கூட்டத்தில் ஜான் ஆலன் சாவ் என்பவரை இன்னமும் 'இரத்தசாட்சி' என்கிறார்கள். என்னால் ஆமென் சொல்ல முடியலைங்க.

2018 நவம்பரில், சட்டத்தை மீறி வட சென்டினல் தீவுக்குப் போனார் அந்த 26 வயது அமெரிக்கர். அம்பு விட்டு எச்சரித்தும் மறுபடி போய் உயிரை விட்டார். படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவருடைய தைரியத்தைக் குறை சொல்லவில்லை. ஆனா வேதம் இதைத்தான் சொல்லுதா?

மத்தேயு 10-ஐ எடுத்துப் பாருங்க. ஏற்றுக்கொள்ளாத ஊரிலிருந்து கால் தூசியை உதறிவிட்டுக் கிளம்பச் சொன்னவர் இயேசுவேதான். இன்னொண்ணும் இருக்கு. 1877-ல் இங்கே பரவிய தட்டம்மை அந்தமானியப் பழங்குடிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. நமக்குச் சாதாரணக் காய்ச்சல், வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத அவங்களுக்கு எமன். பிறனை நேசிக்கிறவன் சில இடங்களில் எட்டியே நிற்கணும்.

"அப்போ உலகமெங்கும் போகச் சொன்ன கட்டளை?" என்பீங்க. கார் நிக்கோபாரில் பிறந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சனும் ஊழியம்தான் செய்தார். தன் ஜனங்களோடேயே வாழ்ந்து, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். யாரும் அவரை அம்பு விட்டுத் துரத்தலை.

சென்டினல்காரர்களுக்காகக் கண்ணீர் விடும் நாம, பிழைக்க வந்த இந்த ஊரில் நம்ம வீட்டு வேலைக்கு வரும் ராஞ்சிக்காரருக்கு அன்னிக்குக் கூலியை அன்னிக்கே கொடுக்கிறோமா? லேவியராகமம் 19 அதைத்தான் கேட்குது. அதுக்குப் படகு வேண்டாம், பர்ஸைத் திறந்தா போதும்!