காய் நகர்த்தட்டும் நெசவாளன் பிள்ளை!

காஞ்சியில் பள்ளி மாணவர்கட்குச் சதுரங்கப் போட்டி என்றால், பட்டு நகருக்கு இப்போது இதுதான் குறையா என்று கேட்போர் உண்டு. கூலி உயர்வு என்ன ஆயிற்று, ஜரிகை விலை எங்கே போயிற்று, இவற்றை விட்டுக் காய் நகர்த்தும் கதை பேசலாமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக் கூடும். கேட்பதில் தவறில்லை. கூலியைப் பற்றியும் பேசுவோம். அதை விட்டுவிட்டு அல்ல. ஆனால் இந்தப் போட்டியைச் சிறு பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட நாம் உடன்பட மாட்டோம். காரணம் இருக்கிறது.

காஞ்சிப் பட்டின் பெருமை எதிலே? உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம்; இரண்டையும் பிரியாமல் பிணைத்து நெய்யும் கோர்வையிலே! அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கை போதாது. தறியில் நெய்பவர் ஒருவர். பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவை எறிய இன்னொருவர். அந்த இன்னொருவர் யார்? நெடுங்காலம், பல வீடுகளில், அது பள்ளிக்குப் போக வேண்டிய ஒரு சிறு பிள்ளை. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறியில் அமர்ந்த பிள்ளைகளும் உண்டு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி 2003-ல் உலகறிய வெளிவந்த அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. மணப்பெண்கள் உடுத்தி மகிழ்ந்த சேலைக்குப் பின்னே அப்படியும் ஒரு கதை இருந்தது.

குழந்தை உழைப்பைத் தடுக்க 1986-ல் சட்டம் வந்தது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2016-ல் முந்திய சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தோடு, தெருத் தெருவாய் அலைந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த ஆசிரியர்களின் உழைப்பும் சேர்ந்தது. நிலை பெரிதும் மாறியது. நாடாவை எறிந்த கை விடுதலை பெற்றது. நல்லது. ஆனால் விடுதலை பெற்ற கையில் எதைக் கொடுத்தோம்? புத்தகம் கொடுத்தோம். அது போதுமா? வசதி படைத்தவன் பிள்ளைக்குப் புத்தகத்தோடு பந்தும் மட்டையும் பலகையும் பயிற்சியாளரும் கிடைக்கும் போது, பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் போதும் என்று எவன் தீர்ப்பளித்தான்?

காஞ்சியிலிருந்து சுமார் 65 கிலோ மீட்டர் தொலைவில், கடலோரம் இருக்கிறது மாமல்லபுரம். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கேதான் 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44-வது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அதையொட்டித் தமிழகத்து அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடந்தன. அதுவரை பலகையைத் தொட்டறியாத எத்தனையோ பிள்ளைகள் அன்று குதிரை எப்படித் தாவும், யானை எப்படிச் செல்லும் என்று கற்றார்கள். விருந்தினர் ஊர் திரும்பினர். பள்ளியிலே இருந்த பலகை? அது அலமாரிக்குள் போயிற்றா, பிள்ளைகள் கையிலே இருக்கிறதா? ஒவ்வொரு ஊரிலும் இதைக் கேட்க வேண்டியது நம் கடமை.

அந்த ஒலிம்பியாடில் முதல் பலகையில் ஆடித் தங்கம் வென்றார் சென்னையின் குகேஷ். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் சீனத்தின் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தமிழகமே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவரான அவருடைய தந்தை, தம் தொழிலை நிறுத்தி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் சென்றார். நண்பர்கள் கைகொடுத்ததால்தான் செலவைச் சமாளிக்க முடிந்தது. மருத்துவர் குடும்பத்துக்கே அந்தப் பாடு என்றால், ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகும் நெசவாளன் என்ன செய்வான்? சதுரங்கம் ஏழையின் ஆட்டம் என்று மேடையில் சொல்வது எளிது. பலகையும் 32 காய்களும் மலிவுதான். ஓய்வு நேரம் மலிவில்லை. பயணம் மலிவில்லை. பயிற்சி மலிவில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. தனி ஒருவனால் இயலாததைச் சமுதாயம் செய்ய வேண்டும். போர்க் காலத்தில் பெற்றோரை இழந்து, வயிற்றுப்பாட்டுக்குத் தெருக் கூட்டிய சிறுவன் டிக்ரான் பெட்ரோசியன். அவன் ஆட்டம் பயின்றது, பிள்ளைகளுக்கென்று திபிலிசி நகரில் சோவியத் அரசு நடத்திய மாளிகையில்! 1963-ல் அவன் உலகச் சாம்பியன் ஆனான். நம் சென்னையில், சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய மிகயில் தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அறிவு எல்லாத் தெருவிலும் பிறக்கிறது. அது அமர்ந்து ஆட ஓர் இடம் மட்டும் சில தெருக்களில்தான் இருக்கிறது!

ஆகவே, காஞ்சியில் போட்டி நடத்துவோர்க்கு நாம் சொல்வது இது. நுழைவுக் கட்டணம் கூடாது. போட்டியை நெசவாளர் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். அரசுப் பள்ளிக் கூடத்திலேயே நடத்துங்கள். பகலுணவு போடுங்கள். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று நிறுத்தி வைக்காமல் அனுப்பச் சொல்லித் தாய்மார்களிடம் பேசுங்கள். வைகாசியில் கருடசேவைக்கு ஊர் திரளும் போது பந்தல் போட்டுத் தண்ணீர் தரத் தெரிந்த ஊர் இது. பிள்ளைகள் திரளும் போது அதைச் செய்யத் தெரியாதா?

தோழர்கட்கும் ஒரு வேலை உண்டு. போட்டி ஒரு நாளில் முடிந்து விடும். கோப்பையோடு படம் எடுத்துக் கொள்வதோடு நம் கடமை முடிந்து விடாது. படிப்பகம் இருக்குமிடமெல்லாம் இரண்டு பலகை வையுங்கள். ஆடத் தெரிந்தவர் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, வீட்டு நிலையால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போக நேர்ந்தது. மீண்டும் படிக்க வாய்ப்புக் கிடைத்ததால் நாடு அவரைப் பெற்றது. வாய்ப்புக் கிடைக்காமலே போனவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

சதுரங்கம் கூலியை உயர்த்தாது. கடனை அடைக்காது. அப்படி நாம் சொல்லவில்லை. ஆனால் எதிரே இருப்பவன் யார் மகன் என்று பாராமல், அவன் அடுத்து என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குத் தரும். அந்தப் பழக்கம் நாளைக்குக் கூலி பேசும் இடத்திலும் பயன்படும்.

பலகையில் மிகச் சிறிய காய் சிப்பாய். முதல் நகர்வைத் தவிர, ஒவ்வொரு கட்டமாகத்தான் நகரும். ஆனால் மறுகோடியைத் தொட்டு விட்டால் அதுவே ராணியாகும். துணையின்றித் தனியே சென்ற சிப்பாய் பெரும்பாலும் பாதி வழியில் வெட்டுப்படும். பின்னே யானையும் குதிரையும் காவல் நின்றால் கரை சேரும்.

நெசவாளன் பிள்ளை முதல் கட்டத்தை வைத்து விட்டான். பின்னே காவல் நிற்கப் போவது யார்? நாம்தான், தோழர்களே!