மாடி அறையில் ஓடுகிறதா?

“அண்ணே, 3200 ராம்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? டாஸ்க் மேனேஜர்ல 2400னு காட்டுது.” சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை அசெம்பிள் செய்கிற எவரும் இதைக் கேட்டிருப்பார். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமலே டெலிவரி கொடுத்திருப்போம்.

ஆன் செய்வதில் தவறில்லை. ஆனால் அதுவும் ஓவர்கிளாக்தான் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். டிடிஆர்4-க்கு ஜெடெக் விதித்தது 1.2 வோல்ட்; 3200, சிஎல்16 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ராம் கேட்பதோ 1.35. அந்த வேகத்துக்கு ராம் கம்பெனி பொறுப்பேற்கிறது. மெமரி கன்ட்ரோலரைத் தனக்குள் வைத்திருக்கும் பிராசஸரின் கம்பெனி ஏற்பதில்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் கருகியதும், எஸ்ஓசி வோல்டேஜுக்கு ஏஎம்டி 1.3 என்று வரம்பு போட்டதும் நினைவிருக்கும். பழைய பயாஸோடு வந்த போர்டில் அப்டேட் போடாமல், எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டி வைத்த மாற்றான எக்ஸ்போவைத் தொடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வெயிலைப் பற்றி. ராமில் ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டம், கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் டிடிஆர்4-க்குச் சராசரியாக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் அந்த இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கிறது ஜெடெக். பெஞ்ச்மார்க்கில் நாலு புள்ளி ஏற்ற அதே இடைவெளியை நீட்டி வைக்கிறவர்கள் நம்மில் உண்டு. மார்கழி இரவில், ஏசி போட்ட கடையில், அது ஓடத்தான் செய்யும்.

முடிச்சூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவருக்கு நானும் அப்படித்தான் 3600-ல் வைத்து, டைமிங்கை இறுக்கிக் கொடுத்தேன். கத்திரி வந்தது. கடற்காற்று நம் பக்கம் எட்டுவதற்குள் பிற்பகல் பாதி போய்விடுமே! இரண்டு மணிக்கு மேல் மிஷின் ஹேங்க். ஹேங்க் ஆகாத நாட்கள் இன்னும் மோசம்: சேவ் ஆன படங்களில் குறுக்கே சாம்பல் பட்டை. நான் முதலில் மாற்றியது ஹார்ட் டிஸ்க்கை.

இத்தனைக்கும் 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டிலும் தாமதம் அதே 10 நானோ நொடிதான். ஒற்றை ராமோடு 5600ஜி ஓட்டுகிறவருக்கு ஜோடி ராம் போட்டுப் பாருங்கள்: 3200-ல் நொடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஆகும். எந்த டைமிங்கும் இதைத் தராது.

சோதனையை ஏசியை அணைத்துவிட்டு, கேபினெட்டை மூடிவைத்துச் செய்யுங்கள். மெம்டெஸ்ட்86 மட்டும் போதாது. அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், அதன் வெந்த காற்று ராம் மேல் அடிக்காது. விண்டோஸில் டெஸ்ட்மெம்5 ஓடட்டும், கூடவே கார்டைச் சூடாக்க ஒரு லோடும் ஓடட்டும். டேலி மட்டும் ஓட்டும் ஆடிட்டர் ஆபீஸ் மிஷினுக்கு எக்ஸ்எம்பியே வேண்டாம். மற்றவர்களுக்கு வைத்த வேகம், வோல்டேஜ், டைமிங் மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். மே மாதம் போன் வரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியும்.