உரிமையாளரைக் கடந்து வாழும் மொழி

மக்கள் பேசும் மொழிக்கு உரிமையாளர் எவருமிலர். பேசுவோர் அனைவரும் அதனை வளர்க்கின்றனர். கணினிக்குக் கட்டளையிடப் பயன்படும் நிரல்மொழியின் நிலை வேறு. பல நிரல்மொழிகள் ஒரு நிறுவனத்தில் பிறந்து, அந்நிறுவனத்தின் உடைமையாகவே வளர்கின்றன. அதில் நிரல் எழுதுவோர் இலட்சக்கணக்கில் பெருகிய பின்னரும் அம்மொழி ஒருவரது உடைமையாகவே நீடிக்கலாமா? இவ்வினாவிற்கு ஜாவா மொழியின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

இலவசமும் உரிமையும்

ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையிலான குழுவினர் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவா, 1995ஆம் ஆண்டு வெளியானது. ஒருமுறை எழுதிய நிரலைப் பலவகைக் கணினிகளிலும் இயக்கலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. நிரலாளர் எழுதியதை இடைநிலைக் குறிமுறையாக மாற்றும் நிரல்பெயர்ப்பியும், அதனை அந்தந்தக் கணினிக்கேற்ப இயக்கும் மெய்நிகர் இயந்திரமும் இதற்குத் துணைநின்றன. இவ்விரண்டையும் எவரும் கட்டணமின்றிப் பெற முடிந்தது. ஆயினும், அவற்றின் மூல நிரலை விரும்பியவாறு திருத்தவோ, திருத்தியதைப் பிறருக்கு வழங்கவோ உரிமை இல்லை. விலையின்மை வேறு, உரிமை வேறு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்டு ஸ்டால்மன், 2004ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இந்நிலையை ஒரு கண்ணி என்றே எச்சரித்தார்.

அச்சமும் தீர்வும்

சன் நிறுவனத்தின் தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. ஆளுக்கொரு விதமாக மாற்றினால் மொழி சிதறும். எங்கும் இயங்கும் தன்மை அழியும். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஜாவாவை ஒவ்வாத முறையில் மாற்றியது எனக் கூறி, 1997ஆம் ஆண்டு சன் வழக்கும் தொடுத்திருந்தது. எனினும், 2006 நவம்பர் 13 அன்று குனு பொது உரிமத்தின்கீழ் ஜாவாவின் மூல நிரலைத் திறப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஜாவா என்னும் பெயரும், பொருத்தத்தை உறுதிசெய்யும் சோதனைகளும் அதன் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. நிரலைத் திருத்தலாம், சோதனையில் தேறாததை ஜாவா என அழைக்க இயலாது. சிதறல் குறித்த அச்சத்திற்கு இதுவே தகுந்த தீர்வு.

2007ஆம் ஆண்டு நூலக நிரல்களும் வெளியாயின. பிறருக்கு உரிமையான சில பகுதிகளைச் சன் திறக்க இயலவில்லை. அவ்விடைவெளிகளை ரெட் ஹேட் நிறுவனத்தாரும் தன்னார்வ நிரலாளர்களும் மாற்று நிரல்களால் நிரப்பினர்.

கொடையா, தன்னலமா?

நிறுவனங்கள் தம் ஆதாயத்திற்காகவே மூல நிரலைத் திறக்கின்றன என்பது ஒரு குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. திறந்த மொழியை நிரலாளர் நம்பி ஏற்பர். நிறுவனத்தின் செல்வாக்கும் உயரும். ஆயினும், நோக்கம் மாறக்கூடியது. உரிமத்தில் எழுதப்பட்டது நிலைக்கக்கூடியது. ஆதலால் கொடுத்தவரின் மனத்தைவிடக் கொடுக்கப்பட்ட உரிமையை ஆராய்வதே அறிவுடைமை.

காலம் இதனை மெய்ப்பித்தது. 2010ஆம் ஆண்டு சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2018ஆம் ஆண்டு வெளியான ஜாவா 11ஆம் பதிப்பில், ஆரக்கிள் தன் வணிக வெளியீட்டைத் தொழில்பணிகளில் பயன்படுத்தக் கட்டணம் விதித்தது. பூட்டிய மொழியாயின் பயனர் அனைவரும் பணிந்தே ஆகவேண்டும். மூல நிரல் முன்பே பொதுவில் இருந்ததால், அதே நிரலிலிருந்து உருவான வேறு வெளியீடுகளைக் கட்டணமின்றிப் பெற வழியிருந்தது. ரெட் ஹேட், அமேசான் போன்றவை அத்தகைய வெளியீடுகளை வழங்கின. சன் என்னும் நிறுவனம் மறைந்தது. அது திறந்துவைத்த கதவை அடுத்த உரிமையாளராலும் அடைக்க இயலவில்லை.

பொதுவுடைமையின் கடமை

திறந்த நிரல் தானே தன்னைப் பேணிக்கொள்ளாது. பிழை களையவும் பாதுகாப்பைப் பலப்படுத்தவும் உழைப்பவர் வேண்டும். ஊர்க்குளத்தில் நீர் அள்ளும் உரிமை அனைவர்க்கும் உண்டெனில், தூர்வாரும் கடமையும் அனைவர்க்கும் உண்டு. ஒரு நிறுவனம் மூல நிரலை வெளியிடும் நாள், அம்மொழியின் பொதுவாழ்வில் முதல் நாள் மட்டுமே. அதனைப் படித்து, பிழை கண்டு, திருத்தி மீண்டும் பொதுவில் வைக்கும் நிரலாளரே அம்மொழியை உரிமையாளரைக் கடந்து வாழச் செய்கின்றனர்.