மச்சான் பிடிக்கும் கயிறு

தூத்துக்குடிக்காரர்களுக்கு இரண்டு விஷயங்களில் வெளியூர்க்காரன் பாடம் எடுக்கக் கூடாது. ஒன்று மக்ரூன். இன்னொன்று கயிறு. இந்த வாரம் கயிறு. ஆனால் கடலில் அல்ல, கார்ட்டில்.

கார்ட் என்றால் மாட்டு வண்டி இல்லை சார். தரையோடு தரையாக உட்கார்ந்து, விலாப் பக்கம் எஞ்சின் அலற, சஸ்பென்ஷன் என்ற சமாச்சாரமே இல்லாமல் பறக்கிற குட்டிப் பந்தய வண்டி. 1956-ல் அமெரிக்காவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் மெஷினுக்குச் செய்த எஞ்சினை இரும்புக் குழாய்களின் மேல் உட்கார வைத்து ஆரம்பித்த விளையாட்டு. நம்மூரில் இதற்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தய கார் கட்டிக் காட்டி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன எஸ்.கரிவரதன் நினைவாக வைத்த பெயர். எஞ்சினீயரிங் மாணவர்கள் தாங்களே வெல்டிங் அடித்துக் கட்டிய கார்ட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் போட்டி போடுவதும் உண்டு.

அப்படி ஒரு கோஷ்டியில் என் அக்கா மகனும் ஒருவன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பழுதுபார்க்கிற ஷெட்டில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நான் பி.காம். மெஷின்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் என்பதுதான். இருந்தாலும் வேடிக்கை பார்க்க டிகிரி வேண்டியதில்லையே!

அன்றைய பிரச்னை, கிளட்ச் போல்ட். கார்ட்டில் கிளட்ச் பெடல் கிடையாது. ஸ்கூட்டியில் இருக்கிற ஜாதிதான். எஞ்சின் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மைக் கவ்வும். டிரம் செயினை இழுக்கும், செயின் பின் ஆக்ஸிலைச் சுற்றும். எஞ்சின் அடங்கினால் ஷூக்கள் பிடியை விட்டுவிடும். இந்த மொத்த சம்சாரமும் உட்கார்ந்திருப்பது கிராங்க் தண்டின் நுனியில். சுழற்சியின் பாரத்தைத் தாங்குவது ஒரு சின்னச் சாவி. சம்சாரம் தண்டை விட்டு நழுவி ஓடாமல் காப்பது நுனியில் இருக்கும் ஒற்றை போல்ட். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

செயின் கவரைக் கழற்றினார்கள். செயினைக் கழற்றினார்கள். சாக்கெட்டைப் போட்டுத் திருகினால் போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றுகிறது. ஒரு பையன் யோசித்து, செயினை மறுபடி மாட்டி பிரேக்கின் மேல் ஏறி நின்றான். அப்போதும் சுற்றியது.

வலையோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"பிரேக்க மிதிச்சா நிக்கது டிரம்மு. ஒனக்குச் சுத்துதது தண்டு. எஞ்சின் ஓடாதப்ப ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுல்லா! தண்டப் பிடிக்கணும்லே."

"எப்படிப் பிடிக்க, அண்ணாச்சி?"

அவர் பீடியை அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஓட்டையில் கட்டைவிரலை வைத்துத் தண்டை மெதுவாகச் சுற்றினார். காற்று விரலைத் தள்ளியது. அதுதான் கம்ப்ரஷன். வால்வு இரண்டும் மூடியிருக்கும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருமுன் நிறுத்தி, பிசிறில்லாத சுத்தமான நைலான் கயிற்றை உள்ளே திணித்தார். இப்போது ஸ்பானரைத் திருக, பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நசுக்கி, நின்றுவிட்டது. தண்டும் நின்றது. போல்ட் 'டிக்'கென்று விட்டுக்கொடுத்தது.

"இறுக்குதப்ப பிஸ்டன உச்சி தாண்டவிட்டு, மறுபடி கயிறு போடணும். எப்பவும் ஒரு நுனி வெளிய இருக்கணும் தம்பி. முழுசும் உள்ள போச்சுன்னா எஞ்சினையே பிரிக்கணும்."

'ஒரு நுனி வெளியே' என்றதும் எனக்கு முத்துக்குளிப்புதான் ஞாபகம் வந்தது. கல்லோடு கடலில் இறங்குகிறவன் உயிர், மேலே தோணியில் நிற்பவன் கையில் இருக்கும் கயிற்றில். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கச்சி தாலி ஆயிற்றே, அசந்துபோக மாட்டான் என்ற கணக்கு! இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்து போனாலும் கயிறு பிடிக்கிற புத்தி ஊரை விட்டுப் போகவில்லை.

கழற்றுவது பாதி வேலைதான். மாட்டுவதில்தான் விஷயம். "நல்லா டைட் பண்ணிட்டேன்" என்பதை எஞ்சின் நம்பாது. அதிர்வு பக்கவாட்டில் ஆட்ட ஆட்ட, இறுகிய போல்ட்கூடத் தானாகத் திருகிக்கொண்டு கழலும் என்று 1969-லேயே ஜெர்மன் எஞ்சினீயர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டிவிட்டார். ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பி உட்காருவது சாமியை நம்பி வீட்டைத் திறந்து போட்டுப் போகிற மாதிரி.

அண்ணாச்சி மரையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக் காயவிட்டார். நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு. (சிவப்பு வேண்டாம். அது பிடித்தால் சூடு காட்டினால்தான் விடும்.) பிறகு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கம் என்பது எஞ்சின் புத்தகத்தில் இருக்கும், புஜபலத்தில் இல்லை. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. சங்கில் வலம்புரி அபூர்வம், போல்ட்டில் இடமரை அபூர்வம். ஆனால் உண்டு. தெரியாமல் திருகினால் மரை போயிற்று.

கடைசியாக, போல்ட் தலையிலிருந்து வாஷர் வரை வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குனிந்து பார்க்க வேண்டியது அந்த ஒரு கோட்டைத்தான். அட, இது நம் ஆடிட்டர் டிக்!

"படகு புரொபெல்லர் நட்டுக்கு ஸ்பிலிட் பின் குத்தாம கடலுக்கு அனுப்ப மாட்டோம் சார்" என்றார் அண்ணாச்சி என்னிடம். "நட்டு கழண்டா நடுக்கடல்ல அவன் என்ன செய்வான்?"

பையன்கள் அவசரமாக வண்டியைத் தள்ளப் போக, வழியை மறித்து நின்றார். செயின் கவர் தரையில் கிடந்தது. அதை மாட்டிய பிறகுதான் விட்டார்.

சின்ன விஷயமில்லை அது. 2018-ல் ஹரியானா பிஞ்ஜோரில், குடும்பத்தோடு பொழுதுபோக்கக் கார்ட் ஓட்டிய ஒரு பெண், தலைமுடி வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். சுற்றுகிற எதற்கும் முடி, துப்பட்டா, டை என்ற பேதம் கிடையாது. போல்ட்டுக்காகக் கழற்றிய மூடி போல்ட்டோடு சேர்ந்தே திரும்ப ஏற வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் நண்பர்களோடு பத்து நிமிஷ கார்ட் சவாரிக்குப் போகிறவர்கள் ஸ்பானர் எடுத்துப் போக வேண்டாம். உட்காருமுன் குனிந்து பாருங்கள். செயினுக்கும் கிளட்ச்சுக்கும் மூடி இருக்கிறதா? கூட வந்தவர்கள் முடியைக் கட்டி ஹெல்மெட்டுக்குள் விட்டாயிற்றா? இல்லையென்றால் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஜ்ஜி சாப்பிடப் போங்கள். டிக்கெட் பணம் போனால் போகிறது. கயிறு பிடிக்க அங்கே உங்கள் மச்சான் இல்லை.