வெயில் வேளையில் பள்ளிவாசல் கதவுகள் திறந்திருக்கட்டும்



கடும் வெப்பம் நிலவும்போது ளுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதப்படுத்தி, சூடு தணிந்தபின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். இது யாருக்கு, எந்நிலையில் பொருந்தும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் அடிப்படை தெளிவானது. ஷஹாதாவுக்கு அடுத்த பெருங்கடமையான தொழுகையிலேயே வெயிலில் வாடும் உடலுக்குச் சலுகை தரப்பட்டிருக்கிறது. வெயிலைச் சகித்துக்கொள்வதே ஈமானின் வலிமை என எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

கொடுங்கையூரில் வாழும் நமக்கு இச்சிந்தனை மிக அவசியம். 250 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் குப்பைக்கிடங்கு நம் அருகிலேயே உள்ளது. அது தீப்பற்றும்போது புகைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைக்கிறோம். அடைத்தால் தகரக் கூரையின் கீழ் வீடே உலையாகிறது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அது உலராவிடில் உடல் குளிர்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் வெள்ளத்தில் தத்தளித்த வடசென்னை, சில மாதங்களிலேயே வெயிலில் வாடியது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் நிவாரணம் உயிரை மீட்டுத் தராது.

2024 ஹஜ்ஜின்போது 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றி வந்து, தங்குமிடமோ நிழலோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். நிழல் என்பது வசதியன்று, உயிர்க்காப்பு.

நம் தெருக்களில் அந்த நிழல் எங்கே இருக்கிறது? பள்ளிவாசலில் இருக்கிறது. ஆனால் ளுஹர் முடிந்ததும் பல பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டு, அஸருக்குத்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. குப்பை பொறுக்கும் பெண்களும், மீன்பாடி வண்டி ஓட்டுவோரும், மூட்டை தூக்குவோரும், வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்க்கும் இளைஞர்களும் நிழல் தேடி அலைவது அந்த இடைவேளையில்தான்.

திருட்டுப் பயமும் தூய்மை குறித்த கவலையும் நிர்வாகிகளுக்கு இருப்பது நியாயமே. உட்பள்ளியைப் பூட்டிக்கொள்ளலாம். வெளித் திண்ணையைத் திறந்து, ஒரு மின்விசிறியும் குடிநீரும் வைத்து, மஹல்லா இளைஞர்களை முறைவைத்து அமர்த்தினால் போதும். வருபவரின் மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. தாயாரின் பெயரால் எந்த தர்மம் சிறந்தது எனக் கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு, தண்ணீர் என்றே நபியவர்கள் விடையளித்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம்.

நிகாஹ் விருந்துகளைக் கோடையில் நண்பகலில் வைக்காமல் மாலைக்கு மாற்றுவோம். வெயிலில் ஒருவர் தடுமாறிப் பிதற்றினால் உடனே 108-ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைக் குளிர்விப்போம். நினைவிழந்தவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது. இவற்றை ஜும்ஆ பயானில் இமாம்கள் எடுத்துரைத்தால் ஒவ்வொரு வீட்டையும் சென்றடையும்.

மழையும் வெயிலும் அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகின்றன. அடுத்தவருக்கு நிழல் தருவது நம் கையில் விடப்பட்ட பொறுப்பு. அதை நிறைவேற்ற அவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.